ஆமை தவறாகத் திரும்பினால்?

ஐந்து வயதுக் குழந்தை கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத முடியுமா? எழுத்துக்களையே அது இன்னும் முழுதாக அறிந்திருக்கவில்லை. எண்களைப் பத்துவரை சரளமாகச் சொல்லும். இருபதைத் தாண்டினால் தடுமாறும். இடம் எது, வலம் எது என்ற குழப்பம் வேறு. ஆயினும் முடியும் என்று கூறி, அதற்கெனவே செய்யப்பட்ட மரக்கட்டைகளும், சக்கரம் பூட்டிய சின்னஞ்சிறு ரோபாட்டுகளும் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றில் திரை கிடையாது. தட்டச்சுப் பலகை கிடையாது. குழந்தை கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது, அல்லது பொத்தான்களை அழுத்துகிறது. ரோபாட் அந்த வரிசைப்படியே நடக்கிறது, திரும்புகிறது, நிற்கிறது. சில வகைகளில் ஒரு பெட்டியின் விலை சில நூறு டாலர்.

இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு கட்சியினர். ஒரு கட்சி வியந்து போற்றுகிறது. மற்றொன்று "குழந்தையைக் குழந்தையாக விடுங்கள்" என்று கடிந்துகொள்கிறது. கருவி சரியாக ஓடும்போது எடுத்த படத்தைத்தான் இரு கட்சியினரும் பார்க்கின்றனர். அது தவறாக ஓடும்போது குழந்தை என்ன செய்யும்? எதைப் பார்த்து, எங்கே திருத்தும்? கருவியின் தரத்தை அளக்க இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை என்பது என் கருத்து. அந்த உரைகல்லில் சில கருவிகளை உரைத்துப் பார்ப்போம்.

ஆமையின் பிறப்பு

இக்கருவிகளுக்கு எல்லாம் மூதாதை ஓர் ஆமை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் அறிஞர் 1948, 1949 ஆண்டுகளில் செய்த இயந்திர ஆமைகள் ஒளியை நாடித் தாமே ஊர்ந்தன. அவற்றுக்கு யாரும் ஆணையிடவில்லை. குழந்தை ஆணையிட, அதற்குக் கீழ்ப்படியும் ஆமை பின்னர் அமெரிக்காவில் பிறந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் 1967-ஆம் ஆண்டு வாலஸ் ஃபோர்சைக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் குழந்தைகளுக்கென 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினர். பாப்பர்ட் கணித வல்லுநர். அதற்கு முன் ஜெனீவாவில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயுடன் பணியாற்றியவர். சில ஆண்டுகளில் லோகோ மொழிக்கு ஓர் உடலும் கிடைத்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூடு, அடியில் சக்கரங்கள், நடுவில் ஒரு பேனா. தரையில் காகிதத்தை விரித்து, "முன்னால் 100", "வலம் 90" என்று தட்டச்சு செய்தால் ஆமை நகர்ந்து கோடு போடும்.

பாப்பர்ட்டின் நுட்பம் ஆமையின் உறுப்புக்களில் இல்லை. அது நிற்கும் நிலையில் இருக்கிறது. ஆமைக்கு ஓர் இடம் உண்டு. ஒரு திசையும் உண்டு. குழந்தைக்கும் அவ்வாறே. ஆகவே ஆமை எப்படித் திரும்பவேண்டும் என்ற ஐயம் வந்தால் குழந்தை தானே எழுந்து நடந்து பார்க்கலாம். வட்டம் வரைய வேண்டுமா? சிறிது நட, சிறிது திரும்பு, மறுபடி சிறிது நட. ஆரமும் மையமும் தெரியாத குழந்தை தன் காலாலேயே வட்டத்தைக் கண்டுகொள்கிறது. நம் பாடநூல்கள் வட்டத்தைத் தொடங்கும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஆனால் தட்டச்சு செய்யத் தெரிந்தால்தானே இதெல்லாம்? எழுத்தறியாக் குழந்தை என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை தேடியவர் ராடியா பெர்ல்மன் என்ற இளம் பெண். எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில், லோகோ குழுவில் 1974 முதல் 1976 வரை இவர் செய்த பணி இத்துறையின் தலையூற்று. அக்கருவிகளுடன் பழகிய குழந்தைகளுள் மிக இளையவருக்கு வயது மூன்றரை.

பெர்ல்மனின் அட்டைப் பெட்டி

அவர் முதலில் செய்தது பொத்தான் பெட்டிகள். ஒரு பெட்டியில் முன், பின், இடம், வலம் முதலான செயல்கள், மற்றொன்றில் எண்கள், வேறொன்றில் 'நினைவில் வை' என்பது போன்ற பொத்தான்கள். பெட்டிகளைக் குழந்தைக்கு ஒன்றன்பின் ஒன்றாகவே கொடுத்தார். முதல் பெட்டி பழகிய பிறகே அடுத்தது. அழுத்திய பொத்தானுக்கு உடனே ஆமை அசைந்ததால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நினைவில் வைக்கும் பொத்தான் வந்ததும் ஒரு சிக்கல் தோன்றுகிறது. குழந்தை கொடுத்த ஆணைகள் இப்போது பெட்டிக்குள் எங்கோ மறைந்திருக்கின்றன. அவற்றைக் காணவும் முடியாது, நடுவில் ஒன்றை மட்டும் எடுத்து மாற்றவும் முடியாது.

அடுத்து அவர் உருவாக்கிய கருவி இதை அழகாகத் தீர்த்தது. நீண்ட பெட்டி; அதன் மேல்புறத்தில் வரிசையாகப் பிளவுகள். ஒவ்வொரு பிளவிலும் படம் போட்ட ஓர் அட்டையைச் செருகலாம். வரிசையின் இடக்கோடியில் 'செய்' என்ற பொத்தான். அதை அழுத்தினால் இடமிருந்து வலமாக ஒவ்வோர் அட்டையின்படியும் ஆமை நடக்கும். எந்த அட்டை இப்போது நடைபெறுகிறதோ அதனருகே ஒரு விளக்கு எரியும். இந்த விளக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பெட்டிகளுக்கு வெவ்வேறு நிறங்கள் உண்டு. சிவப்புப் பெட்டியின் வேலையை நீலப் பெட்டியிலிருந்து ஏவ ஒரு சிவப்பு அட்டை போதும். 'வலம்' என்ற அட்டை கால் வட்டம் திருப்பும் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு வரிசையில் 'முன்னால்', 'வலம்' என்று இரண்டே அட்டைகள். நீல வரிசையில் நான்கு சிவப்பு அட்டைகள். நீலப் பொத்தானை அழுத்தினால் ஆமை ஒரு சதுரம் வரைந்துவிடும். பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரித்துச் சிறு வேலைக்கு ஒரு பெயரிடுவது என்ற, கல்லூரியில் நாம் பெருமையோடு நடத்தும் தத்துவம் இவ்வளவுதான். சரி, சிவப்பு வரிசையின் கடைசியில் ஒரு சிவப்பு அட்டையையே செருகினால்? ஆமை சதுரத்தின்மேல் சதுரமாக நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தன்னைத்தானே ஏவிக்கொள்ளும் தொடர் என்ற கருத்தை ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி உண்டா?

இந்த ஆராய்ச்சியைப் பெர்ல்மன் தொடரவில்லை. சுற்றிலும் ஆண்களே இருந்த இடத்தில், தன்னை ஒரு விஞ்ஞானியாக மதிக்க வேண்டும் என்ற எண்ணத்தால், சிறு குழந்தைகளோடு செய்யும் வேலையைச் சற்றுக் கூச்சத்தோடு கைவிட்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1985-இல் அவர் வெளியிட்ட, கம்ப்யூட்டர் வலையங்களில் செய்திகள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் முறை அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. வலையத் துறைக்கு ஆதாயம். குழந்தைக் கல்விக்கு இழப்பு. அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பல கருவிகள் அவர் தொட்ட இடத்துக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

இன்றைய கருவிகள்

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் மிகவும் பழக்கமானது 'பீ-பாட்' என்ற தேனீ வடிவ ரோபாட். முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். ஒரு முறை முன் அம்பை அழுத்தினால் 15 செ.மீ. நடக்கும், பக்க அம்பை அழுத்தினால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். ஆணைகளை எல்லாம் அழுத்தி முடித்து நடுப் பொத்தானைத் தட்டினால் புறப்படும். உறுதியானது, எளியது. ஆனால் அழுத்திய ஆணைகள் எங்கே? தேனீயின் வயிற்றுக்குள்! ஏழாவது ஆணை தவறு என்று குழந்தை கண்டுபிடித்தாலும், அதை மட்டும் மாற்ற வழியில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அழுத்த வேண்டும். அழிக்க மறந்தாலோ, பழைய தொடரின் வாலில் புதிய தொடர் ஒட்டிக்கொள்ளும். தேனீ பேய் பிடித்தது போல் ஓடும். குழந்தைக்கு அது தன் பிழையாகத் தெரியாது, தேனீயின் குறும்பாகவே தெரியும். அனுபவமுள்ள ஆசிரியைகள் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கின்றனர்: அம்புக்குறி அட்டைகளை முதலில் தரையில் வரிசையாக அடுக்கச் செய்து, பிறகு அதைப் பார்த்து அழுத்தச் சொல்கின்றனர். அதாவது, பெர்ல்மனின் அட்டை வரிசையைக் காகிதத்தில் திரும்பக் கொண்டுவருகின்றனர். கருவி விட்ட குறையை ஆசிரியை நிரப்புகிறார்.

'கிபோ' என்பது வேறு வகை. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக் கழகத்தில் மரீனா பெர்ஸ் என்ற பேராசிரியையின் ஆராய்ச்சியில் உருவாகி, 2014 முதல் விற்பனைக்கு வந்தது. நான்கு முதல் ஏழு வயதினருக்கானது. மரக்கட்டைகளின்மேல் படமும் பட்டைக் கோடுகளும் இருக்கும். 'தொடங்கு' கட்டையில் ஆரம்பித்து 'முடி' கட்டைவரை கோத்து, ரோபாட்டிலுள்ள ஸ்கேனரால் ஒவ்வொரு கட்டையையும் படிக்கச் செய்ய வேண்டும். புரோகிராம் கண்ணெதிரே தரையில் கிடக்கிறது; கையால் எடுத்து மாற்றலாம். இது பெரிய நன்மை. ஆனால் ரோபாட் ஓடும்போது எந்தக் கட்டை நடைபெறுகிறது என்று கட்டைகள் காட்டுவதில்லை. அவை வெறும் மரம். ரோபாட்டையும் கட்டைகளையும் மாறிமாறிப் பார்த்து, "இப்போது நான்காவதில் இருக்கிறது" என்று குழந்தையே எண்ணிக்கொள்ள வேண்டும். மேலும் படிக்கும்போது நடுவில் ஒரு கட்டையை விட்டுவிட்டால், தரையில் இருப்பது ஒன்று, ரோபாட்டின் நினைவில் இருப்பது வேறொன்று! அடுக்கியதில் பிழை இல்லாமலேயே ஓட்டத்தில் பிழை வரும்.

லண்டனில் உருவான 'கியூபெட்டோ' என்ற மரப் பெட்டி ரோபாட்டின் பலகையில் பன்னிரண்டு குழிகள். கீழே தனியாக நான்கு குழிகள். கீழ்வரிசையை ஒரு நீலக் கட்டையால் மேலிருந்து ஏவலாம். பெர்ல்மனின் நிற அட்டை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மரமாக வந்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. இந்த நீலக் கட்டை ஒன்றுக்காகவே இதைப் பாராட்டலாம்.

திரை இல்லை என்பதையே இக்கருவிகளின் தலைசிறந்த நன்மையாக விளம்பரங்கள் முழங்குகின்றன. உண்மையில் அது எவ்வளவு பெரிய நன்மை? பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் மைக்கேல் ஹார்ன் குழுவினர் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டனர். ஒரே ரோபாட், சில நாட்கள் மரக்கட்டைகளாலும், சில நாட்கள் திரையில் சுட்டெலியாலும் ஆணையிடும் ஏற்பாடு. பார்வையாளர்களுக்கு இரண்டும் ஒரே அளவு எளிதாகப் புரிந்தன. ஆனால் கட்டைகள் இருந்தபோது அதிகம் பேர் அருகே வந்து தொட்டுப் பார்த்தனர். பலர் சேர்ந்து செய்தனர். குழந்தைகள், சிறப்பாகப் பெண் குழந்தைகள், அதிக ஈடுபாடு காட்டினர். சுட்டெலியை ஒருவர்தான் பிடிக்க முடியும். கட்டைகளைச் சுற்றி நால்வர் உட்காரலாம் அல்லவா? ஆகவே கட்டை குழந்தைகளை அழைத்துவருகிறது, ஒன்றாக உட்கார வைக்கிறது. கட்டையாக இருப்பதாலேயே பாடம் தெளிவாகிவிடும் என்பது மட்டும் விளம்பரத்தின் மிகை.

இரு வகைப் பிழைகள்

இனி ஒரு பௌதிக ஆசிரியன் என்ற முறையில் என் முக்கியமான குறையைச் சொல்கிறேன். இக்கருவிகளை விற்பவர்களும், அவற்றுக்குப் பாடத்திட்டம் எழுதுபவர்களும், ரோபாட் ஆணையை அச்சுப்பிசகாமல் நிறைவேற்றும் என்று பாவனை செய்கின்றனர். எந்த ரோபாட்டும் அப்படிச் செய்வதில்லை.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். சக்கரத்தின் விட்டம் 4 செ.மீ. இரு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 10 செ.மீ. தேய்மானத்தாலோ தூசி ஒட்டியதாலோ ஒரு சக்கரத்தின் விட்டம் மற்றதைவிட 1 சதவீதம், அதாவது 0.4 மி.மீ. மட்டும் கூடுதல். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால், 150 செ.மீ. நடந்து முடிப்பதற்குள் பெரிய சக்கரம் 1.5 செ.மீ. அதிகம் சென்றிருக்கும். 1.5-ஐ 10-ஆல் வகுத்தால் 0.15 ரேடியன், ஏறத்தாழ எட்டரைப் பாகை. ரோபாட் தன் நேர்ப்பாதையிலிருந்து ஏறத்தாழ 11 செ.மீ. விலகிவிடும். 15 செ.மீ. கட்டத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு 7.5 செ.மீ. தான். பத்துக் கட்டம் நேராகப் போகச் சொன்ன ரோபாட் பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்கிறது! ஒரு தலைமயிரின் கனத்தைப் போல ஐந்தாறு மடங்குதான் இந்த 0.4 மி.மீ. திருப்பமும் அப்படியே. 90 பாகைக்குப் பதில் ஒவ்வொரு முறையும் 92 திரும்பினால், நான்கு மூலையும் சுற்றி வருவதற்குள் 8 பாகை கூடிவிடும். சதுரத்தின் இரண்டாம் சுற்று முதல் சுற்றின்மேல் படியாது. சமுக்காளத்தில் சக்கரம் வழுக்கும். பாட்டரி தளர்ந்தால் நடை மாறும்.

வகுப்பில் அப்போது என்ன நடக்கிறது? கோணலாகப் போகும் ரோபாட்டை ஆசிரியை விரலால் மெல்லத் தள்ளிக் கட்டத்துக்குள் வைத்துவிடுகிறார். இது அன்பினால் செய்யும் செயல். ஆனால் அந்த ஒரு விரல் தள்ளலில் நல்ல பாடம் ஒன்று வெளியே தள்ளப்படுகிறது. ரோபாட் தவறான இடத்தில் நின்றால் காரணம் இரண்டு வகையில் இருக்கலாம்: ஆணை தவறு, அல்லது இயந்திரம் தவறு. இவற்றை எப்படிப் பிரித்தறிவது? ஐந்து வயதுக் குழந்தையாலும் முடியும். சாக்பீஸால் தரையில் ஒரு குறி போட்டு, அங்கிருந்தே அதே அட்டை வரிசையை மூன்று முறை ஓட்டுங்கள். நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் குறியுங்கள். மூன்று குறிகளும் சிதறிக் கிடந்தால் அட்டைகள்மேல் பழி போட முடியாது, அவை மாறவில்லையே! மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து, அது தவறான இடமாக இருந்தால், அட்டையும் குற்றவாளியாக இருக்கலாம், ஒரு பக்கம் இழுக்கும் சக்கரமும் குற்றவாளியாக இருக்கலாம். இப்போது அட்டைகளை அப்படியே வைத்து வேறொரு ரோபாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறு அதே இடத்தில் நின்றால் அட்டையைத் தேடு. தவறு இடம் மாறினால் சக்கரத்தைப் பார். ஒன்றை மாற்றாமல் மற்றொன்றை மாற்றிப் பார்ப்பது என்பதுதான் சோதனை முறையின் உயிர்நாடி.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் பி.எஸ்ஸி. மாணவர்கள், ஊசல் ஆடத் தொடங்கும் முன்பே புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 'வரவேண்டிய' விடையை அறிந்திருக்கின்றனர். அளவீடு விலகினால் ஏன் விலகியது என்று கேட்பதில்லை. அளவீட்டை அடித்துவிட்டு வேறு எழுதுகின்றனர். பதினேழு வயதில் இதை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது செய்முறை வகுப்பு எடுக்கும் எவருக்கும் தெரியும். ரோபாட்டைக் கையால் நேராக்கும் ஆசிரியையும், அளவீட்டைத் திருத்தும் மாணவனும் ஒரே பாதையின் இரு முனைகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழக்கம் தானாக வருமா?

புரோகிராம் எழுதும் குழந்தைக்குத் திட்டமிடும் திறனும் ஆராயும் திறனும் தாமாகவே வளரும் என்று 1980-களில் பலர் நம்பினர். நியூயார்க் நகரின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் இதைச் சோதித்தனர். ஓராண்டு லோகோ பயின்ற குழந்தைகளுக்கு, வகுப்பறை வேலைகளைச் சுருங்கிய வழியில் செய்து முடிக்கத் திட்டமிடும் பணி தரப்பட்டது. லோகோ பயிலாதவர்களைவிட அவர்கள் சிறப்பாகச் செய்யவில்லை. ஆதரவாளர்களுக்கு இது பேரிடி. ஒரு கருவியை மட்டும் தனியே பிரித்து, மருந்தைப் போல அதன் பலனை அளக்கக் கூடாது, அதைச் சூழ்ந்த பண்பாட்டையே பார்க்க வேண்டும் என்று பாப்பர்ட் மறுப்பு எழுதினார். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் விடை முழுதாக இல்லை.

விடையின் மறுபாதி 1988-இல் வெளியான டேவிட் கிளார், ஷாரன் கார்வர் ஆகியோரின் ஆய்வில் கிடைக்கிறது. இவர்கள் குழந்தைகளுக்கு லோகோவோடு நிற்காமல், பிழை தேடும் முறையையும் படிப்படியாக, வெளிப்படையாகக் கற்பித்தனர்: நினைத்தது என்ன, நடந்தது என்ன, இரண்டுக்கும் வேறுபாடு எத்தகையது, அத்தகைய வேறுபாட்டை உண்டாக்கக்கூடிய ஆணை எது, அது தொடரில் எங்கே இருக்கும்? இவ்வாறு பயின்ற குழந்தைகள், கம்ப்யூட்டரோடு தொடர்பே இல்லாத, எழுத்தில் தரப்பட்ட செயல்முறைக் குறிப்புகளிலும் பிழைகளைத் திறம்படக் கண்டுபிடித்தனர். பிழை தேடுதல் தானாக ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அன்று, கற்பித்தால் வரும். அதைக் கற்பிக்க இடம் தருகிறதா என்பதே கருவியிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பெர்ல்மனின் சிறுவிளக்கு இங்கேதான் ஒளிர்கிறது. ஆமை கோணலாகத் திரும்பும் அதே கணத்தில் எந்த அட்டையருகே விளக்கு எரிகிறதோ, அதைக் குழந்தை விரலால் தொட்டுக் காட்ட முடியும்.

"இவ்வளவு விலை எதற்கு? ஒரு பிள்ளை ஆமையாக நிற்க, இன்னொரு பிள்ளை அட்டைகளைக் காட்டினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல விளையாட்டு, கட்டாயம் ஆடவேண்டும். பாப்பர்ட்டே குழந்தையை ஆமையாக நடக்கச் சொன்னவர்தான். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. பிள்ளை ஆமைக்கு அறிவு அதிகம். எதிரே சுவர் இருந்தால் ஆணைக்குக் காத்திராமல் நின்றுவிடும். 'இடம்' என்று தவறாக அட்டை வைத்தாலும், தோழி 'வலம்' என்றுதான் நினைத்திருப்பாள் என்று ஊகித்து வலப்புறம் திரும்பிவிடும். பிழை வெளியே வராமல் கருணையில் கரைந்துபோகிறது. சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்யும் முட்டாள்தனத்துக்காகவே நாம் இயந்திரத்துக்கு விலை கொடுக்கிறோம்.

ஆகவே பள்ளிக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு காரியம் செய்யலாம். விற்பவர் சரியான தொடரை ஓட்டிக் காட்டுவார். கை தட்டிவிட்டு, அதன் நடுவில் ஓர் ஆணையை மட்டும் நமக்குத் தெரியாமல் மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி ஓட்டச் சொல்லி, நின்ற இடத்திலிருந்தே, அவர் வாய் திறவாமல், மாறிய ஆணையை நம்மால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். அதே தொடரைப் பெட்டியிலுள்ள மற்றொரு ரோபாட்டிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.